மலைச்சரிவில் ரிமோட் ஸ்டார்ட்டரும் அலாரமும்: ஒரே பெட்டியை இரண்டு முறை பொருத்திய அனுபவம்

தூரத்திலிருந்தே எஞ்சினைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட்டரும் அலாரமும் சேர்ந்த ஒரே பெட்டியை ஒரே காரில் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பேர் பொருத்தினார்கள். முதலில் பொருத்தியது கோவையில் உள்ள ஒரு கார் அலங்காரக் கடை. அந்த வேலையை முழுவதுமாகப் பிரித்தெடுத்துவிட்டு மறுபடியும் பொருத்தித் தந்தவர் உதகையில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். கையில் இருக்கிற வேலையே போதும், தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கோவைக் கடையின் பெயரைப் போட எனக்கு மனமில்லை. ஆகவே பெயர்களை விட்டுவிட்டு, பெட்டியைப் பற்றியும் இரண்டு வேலைகளுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கேத்தியில், கேரட் தோட்டங்களைப் பார்த்த ஒரு மேட்டில் இருக்கிறது. கார் நிற்கும் இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே 43 படிகள். மாதம் ஒருமுறை அம்மாவைச் சிகிச்சைக்காகக் கோவைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவோம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்த நேரத்துக்குப் பள்ளத்தாக்கில் உறைபனி விழுந்து, முன்கண்ணாடி உப்புத் தடவியதுபோல் வெளுத்திருக்கும். முதல் நாள் இரவே சாக்குப் போட்டு மூடிவைத்தால் பாதித் தொல்லை குறையும். மறந்துவிட்டால் சுரண்டத்தான் வேண்டும். அவசரத்தில் வெந்நீரை ஊற்றிக் கண்ணாடியில் விரிசல் விட்ட வண்டிகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. பனி ஈரத்தோடு சில்லென்று இருக்கும் காரில் ஏறியதும் இருமல் பிடித்துக்கொண்டால் மேட்டுப்பாளையம் வரையில் விடாது. மேலே வாசலில் நின்றபடி பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்பி ஹீட்டரை ஓடவிட்டால், நாங்கள் இறங்கி வருவதற்குள் கார் கொஞ்சம் இளகியிருக்கும் என்பதுதான் என் கணக்கு. அலாரம் அந்தப் பெட்டியோடு சேர்ந்தே வந்தது.

என் வண்டி மேனுவல் கியர் உள்ள பெட்ரோல் ஹேட்ச்பேக், வயது ஒன்பது. கோவைக் கடையில் பெட்டிக்கும் கூலிக்கும் சேர்த்து 9,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. கடை வாசலில், சமதரையில், வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ரிமோட்டை அழுத்திக் காட்டினார்கள். செல்ஃப் (எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) ஒரு சுற்றுச் சுற்றி எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்கும் மகிழ்ச்சிதான். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், வண்டியை எப்படி நிறுத்துவீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றாததும் என் தவறுதான்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் வண்டியை எப்படி நிறுத்துவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக இழுத்துவிட்டு டயருக்கு ஒரு கல். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி வண்டியைச் சரிவில் விட்டுச் செல்பவரை எங்கள் ஊரில் விவரம் இல்லாதவர் என்றுதான் சொல்வார்கள். இருபது ஆண்டுகளாகக் கைக்குப் பழகிப்போன இந்த வழக்கத்தை ஒரு பொத்தானுக்காக எந்தக் கையும் மறந்துவிடாது.

பொருத்திய இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை, வழக்கம்போல முதல் கியரில் ஏற்றத்தைப் பார்த்து நின்ற வண்டியை வாசலிலிருந்தே கிளப்பினேன். செல்ஃப் அடித்ததும் கார் ஒரு முழம் முன்னால் குதித்து நின்றது. என்ன நடந்தது என்று புரிவதற்குள் இரண்டாவது முறையும் குதித்தது. எஞ்சின் பிடிக்கவில்லை என்று பெட்டி முடிவு செய்தால் தானாகவே மூன்று முறை வரை முயற்சி செய்யும் என்று கையேட்டில் எழுதியிருந்ததை நான் பிறகுதான் படித்தேன். நான் 43 படிகளில் பாதியை இறங்கியிருந்தபோது மூன்றாவது முறையும் குதித்து, அம்மாவின் ஹைட்ரேஞ்சியா தொட்டிகள் இரண்டை நசுக்கி, பம்பரைத் தடுப்புச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றது. கல் டயருக்குப் பின்னால் கிடந்ததால் அதனால் ஒரு பயனும் இல்லை. வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றிருந்து, நடுவில் ஒரு குழந்தை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றே பேட்டரி வயரைக் கழற்றிப் பெட்டியின் பியூஸை எடுத்துவிட்டேன். கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, “கியர்ல போட்டு நிறுத்தினா அப்படித்தான் சார் ஆகும், நியூட்ரல்ல விடுங்க” என்றார்கள். எங்கள் மேட்டில் வண்டியை நியூட்ரலில் விட்டால் அது கேரட் தோட்டத்தில்தான் போய் நிற்கும் என்று அவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

உதகை எலக்ட்ரீஷியனிடம் போனது நவம்பர் கடைசியில். பட்டறை ஒரு கார் மட்டும் நுழையக்கூடிய தகரக் கொட்டகை; சுவரில் வயர் சுருள்கள், மேஜையில் மல்டிமீட்டரும் சால்டர் கம்பியும். நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி: “வீட்ல வண்டி நிக்கிற இடம் சமமா இருக்குங்களா, சரிவுங்களா?” சரிவு என்றேன். “மேனுவல் வண்டியா இருந்து சரிவுல நிறுத்தறவங்களுக்கு ரிமோட் ஸ்டார்ட் வேண்டாம்னுதாங்க நான் சொல்வேன். அலாரம் மட்டும் வெச்சுத் தர்றேன்” என்றார். வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்பவரை நான் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். அவரிடமே வேலையைக் கொடுப்பது என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

ஸ்டியரிங் தண்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டியபோதுதான் முதல் வேலையின் லட்சணம் தெரிந்தது. செல்ஃபுக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த வயரின் உறையைப் பிளேடால் சீவி, புது வயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை உருகி வழுக்கிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பெட்டிக்குச் சொல்ல வேண்டிய வயரை நேராக எர்த்தில் கட்டிவைத்திருந்தார்கள். அதாவது, ஹேண்ட் பிரேக் போட்டாலும் போடாவிட்டாலும் போட்டிருக்கிறது என்றே பெட்டி நம்பும். பானட் திறந்திருந்தால் எஞ்சின் கிளம்பாமல் தடுக்கும் சிறு ஊசி சுவிட்ச் பொருத்தப்படவே இல்லை. அது பிளாஸ்டிக் பையோடு அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. மெக்கானிக் ஒருவர் பானட்டுக்குள் தலையை விட்டிருக்கும்போது யாராவது ரிமோட்டை அழுத்தினால் அவர் கை ஃபேன் பெல்ட்டில் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேனுவல் வண்டிக்கு வெட்டாமல் விட வேண்டிய ஒரு சிறு வயர் வளையத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். அதனால், தான் ஓர் ஆட்டோமேட்டிக் காரில் இருப்பதாகவே பெட்டி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. என் கார் மூன்று முறை குதித்ததற்கு இதுதான் காரணம்.

அந்த வளையத்தை இணைத்து மேனுவல் முறையில் வைத்தால் பெட்டி வேறு விதமாக நடந்துகொள்கிறது. வண்டியை நிறுத்தும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சாவியை எடுக்க வேண்டும். சாவி இல்லாமலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கி, எல்லாக் கதவுகளையும் மூடிப் பூட்டிய பிறகு பெட்டியே எஞ்சினை நிறுத்துகிறது. கிளட்சில் கால் இல்லாமல் எஞ்சின் ஓடியதால் கியர் நியூட்ரலில்தான் இருக்கிறது என்பது உறுதியாகிறது. அதன்பின் யாரும் கதவைத் திறக்காததால் கியர் மாறவில்லை என்பதும் உறுதியாகிறது. இடையில் ஒரு கதவு திறந்தாலோ ஹேண்ட் பிரேக் இறங்கினாலோ அந்த ஏற்பாடு ரத்தாகி, அடுத்த நாள் ரிமோட்டுக்கு எஞ்சின் அசையாது. எளிமையான ஏற்பாடு, ஆனால் புத்திசாலித்தனமானது. மேனுவல் காருக்கு இது இல்லாமல் ரிமோட் ஸ்டார்ட் பொருத்தித் தருகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் வண்டியை விட வேண்டாம்.

சரிவின் சிக்கல் இதனால் தீர்ந்துவிடவில்லை. நியூட்ரலில் நிறுத்தினால்தானே இதெல்லாம். கடைசியில் எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து கொத்தனாரும் வர வேண்டியதாயிற்று. கார் நிற்கும் இடத்தில் நான்கு மீட்டர் நீளத்துக்கு மண்ணை வெட்டிச் சமன்செய்து, கான்கிரீட் போட்டு, முன்னும் பின்னும் டயர் தடுப்புக்கு இரண்டு திண்டுகள் கட்டினோம். பெட்டியின் விலையைவிட அதற்கு ஆன செலவு அதிகம். வீட்டில் மட்டும் அந்தத் திண்டுகளுக்கு நடுவே நியூட்ரலில் நிறுத்துகிறேன். குன்னூரிலோ கோத்தகிரியிலோ போய் நிற்கும்போது பழையபடி கியரும் கல்லும்தான், அங்கே ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்யாது. அப்படி இருப்பதுதான் எனக்கும் வேண்டும்.

இனி சாவி. சாவிக்குள் சிப் உள்ள எந்தக் காரிலும், சிப்பை உணராமல் எஞ்சின் ஓடாது. ஆகவே ரிமோட்டில் கிளப்ப வேண்டுமென்றால் அந்தப் பூட்டை ஏமாற்ற ஒரு வழி வேண்டும். வழக்கமாகச் செய்வது, இரண்டாவது சாவியின் சிப்பை எடுத்து டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைத்து, அதன் அடையாளத்தைக் கடத்தச் சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருளை மாட்டுவது. கோவையில் சிப்பை நேராகத் துவாரத்தின் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதன் பொருள், வெறுமனே வெட்டிய ஒரு சாவியோ ஸ்க்ரூடிரைவரோ இருந்தால் யார் வேண்டுமானாலும் என் காரை எடுத்துப் போகலாம் என்பதே. அலாரத்துக்குப் பணம் கொடுத்து, தயாரிப்பாளர் கொடுத்த பூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உதகையில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, ரிமோட் ஸ்டார்ட் நடக்கும் நேரத்தில் மட்டும் அந்தச் சுருள் இணையும்படி மாற்றினார். இன்னொன்றும் அவரே சொன்னார்: வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும், ஒன்றைப் பிரித்துவிட்டேன் என்றால் வாதாட வேண்டியிருக்கும். ஆகவே புதிதாக ஒரு சிப் சாவி செய்து அதைத்தான் உள்ளே வைத்தோம். காப்பீட்டைப் பற்றிப் பேசும்போது, அலாரம் வைத்தால் பிரீமியம் குறையும் என்று கடைகளில் சொல்வதையும் முழுதாக நம்ப வேண்டாம். அந்தச் சலுகை புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புச் சாதனங்களுக்கு உரியது. அதுவும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பகுதி) 2.5 சதவீதம், உச்சவரம்பு 500 ரூபாய். என் பெட்டியில் அப்படி ஒரு ஒப்புதலும் அச்சிடப்பட்டிருக்கவில்லை.

அலாரத்தைப் பற்றி எனக்குப் பெரும்பாலும் திருப்திதான், ஆனால் அதைப் பழக்க ஒரு மாதம் பிடித்தது. அதிர்வை உணரும் சென்சார் இரண்டு நிலைகளில் வேலை செய்கிறது. லேசாகத் தட்டினால் இரண்டு சிணுங்கல், பலமாகத் தட்டினால் முழுச் சைரன். சென்சாரின் கூர்மையை ஒரு சிறு திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம். கோவையில் அதை உச்சத்தில் வைத்திருந்தார்கள். நகரத்துத் தெருவுக்கு அது சரியாக இருக்கலாம்; இங்கே கூரைமேல் குரங்கு குதித்தாலும் காற்றில் யூகலிப்டஸ் கிளை விழுந்தாலும் அலறியது. ஓர் இரவு இரண்டு மணிக்கு அலறியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: ஒரு காட்டுமாடு கண்ணாடிப் பக்கம் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்து, சைரனில் மிரண்டு, தலையைத் தாழ்த்திக் காருக்கு நேரே திரும்பி நின்றது. அரை நிமிடம் சைரன் கத்திய பிறகு தானாக நின்றது. மாடும் மூச்சை ஒருமுறை பலமாக விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கிப்போனது. சைரனால் ஒரு டன் எடையுள்ள விலங்கை விரட்ட முடியும் என்று நம்பிப் படியிறங்கிப் போகிறவர்கள் தயவுசெய்து போக வேண்டாம். “ராத்திரியெல்லாம் அது கத்துனா அக்கம்பக்கத்துல யாருப்பா தூங்கறது” என்று அம்மா சொன்னது அலாரத்தைப் பற்றிய நியாயமான விமர்சனம். எலக்ட்ரீஷியன் திருகாணியைக் கால்பங்குக்குக் கொண்டுவந்து, சென்சாரைப் பிளாஸ்டிக் தட்டிலிருந்து கழற்றி இரும்புச் சட்டத்தில் இறுக்கி வைத்த பிறகு, குரங்குக்குச் சிணுங்குகிறது, கதவைத் திறக்க முயன்றால்தான் கத்துகிறது.

பேட்டரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் குளிரில் முதலில் கைவிடுவது அதுதான். பொருத்துவதற்கு முன்னும் பின்னும் அவர் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, பூட்டிய வண்டி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளந்து காட்டினார்: முன்பு 22 மில்லி ஆம்பியர், பின்பு 41. அதாவது பெட்டி மட்டும் 19. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் வண்டியை எடுக்காமல் 30 நாள் விட்டால் பெட்டிக்கு மட்டுமே ஏறக்குறைய 14 ஆம்பியர்-மணி போய்விடும், என் பேட்டரியோ 35 ஆம்பியர்-மணி. பூஜ்ஜியம் டிகிரிக் குளிரில் அதன் கொள்ளளவும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். வெளியூர் போகும்போது பெட்டியின் பியூஸை எடுத்துவைத்துவிட்டுப் போகும்படி சொன்னார். அதற்காகவே கைக்கு எட்டும் இடத்தில் அதைப் பொருத்தியிருக்கிறார். எஞ்சின் கிளம்பிவிட்டதா என்பதை வோல்டேஜ் ஏறுவதை வைத்து அறியும்படி முன்பு விட்டிருந்தார்கள். குளிர்ந்த பேட்டரியில் அந்த முறை ஏமாற்றும் என்று சொல்லி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் வயரிலிருந்து எஞ்சின் சுற்றும் வேகத்தை நேரடியாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார். அதன்பிறகு ஒரு காலைகூடச் செல்ஃப் தேவைக்கு மேல் உறுமவில்லை.

எஞ்சினுக்காக இதை வாங்குவதாக யாராவது சொன்னால் அது தேவையில்லை. இன்றைய பெட்ரோல் எஞ்சினுக்கு அரை நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டினால் ஓடும்போதே சூடாகிவிடும். சும்மா நின்று ஓடும் எஞ்சினில் ஹீட்டர் சூடாக நேரம் எடுக்கும் என்பதால் பத்து நிமிடத்தில் கார் வெதுவெதுப்பாகிறது, அவ்வளவுதான். கண்ணாடியில் படிந்த உறைபனி அதற்குள் ஓரங்களில் இளகித் துடைப்பானுக்கு வழிவிடுகிறது. அதற்கு நூறு மில்லிக்கும் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் போகும். இந்தக் குளிர்காலத்தில் முப்பது, நாற்பது காலைகளுக்குமேல் நான் இதைப் பயன்படுத்தவில்லை. அட்டையில் 100 மீட்டர் என்று போட்டிருந்த ரிமோட், எங்கள் கருங்கல் சுவரைத் தாண்டி 40 மீட்டருக்குத்தான் எட்டுகிறது. எனக்கு அது போதும். அம்மா இருமாமல் காரில் ஏறுகிறார் என்பது எனக்கு 9,500 ரூபாய்க்கு ஈடு. அப்படி ஒரு காரணம் இல்லாதவர்களுக்கு ஒரு சாக்கும் பழைய போர்வையும் ஈடு.

இரண்டு எச்சரிக்கைகளை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். மூடிய ஷெட்டில் நிற்கும் காரை ரிமோட்டில் கிளப்பவே கூடாது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அங்கே தேங்கும், எங்கள் பக்கத்து வீடுகளில் பலவற்றில் ஷெட்டுக்கு நேர் மேலேதான் படுக்கையறை. குளிருக்குக் கரியை மூட்டிவைத்துக் கதவடைத்துப் படுத்து எழாமல் போனவர்களைப் பற்றிய செய்திகளை மலைக்காரர்கள் படித்திருப்பார்கள், அதே வாயுதான். அடுத்தது சட்டம். ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இல்லாமல் வண்டியைப் பொது இடத்தில் நிறுத்தினால், எஞ்சின் நிறுத்தப்பட்டு பிரேக் போடப்பட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவு சொல்கிறது. என் கார் சொந்த இடத்தில் நிற்கிறது. சாலையோரத்தில் நிறுத்துகிறவர்கள் இதை யோசித்துக்கொண்டு வாங்கவும்.

குறை இல்லாத வேலை என்று உதகை எலக்ட்ரீஷியனின் வேலையைச் சொல்ல மாட்டேன். சொன்ன நாளில் தரவில்லை. இரண்டு நாள் என்றது ஐந்து நாளாயிற்று, தொலைபேசியை எடுப்பதும் அவருக்கு மனம் இருந்தால்தான். பழைய வேலையைப் பிரிக்க 1,500, புதிதாகப் பொருத்த 3,000, ரிலேக்களுக்கும் வயருக்கும் 700 வாங்கினார். கணக்கைத் துண்டுச் சீட்டில்தான் எழுதிக் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் வைத்து, சுருங்கும் உறை போட்டு, தொழிற்சாலை வயரின் போக்கிலேயே கட்டியிருக்கிறார். வெட்டிய இடங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியும் வைத்தார். எலி கடிக்கக்கூடிய பானட் பக்கத்து வயர்களுக்கு மட்டும் தனியாக வளைகுழாய் போட்டிருக்கிறார், அதைக் கேட்காமலேயே.

பி (பார்க்கிங்) நிலை உள்ள முழு ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் தலைவலியில் பாதிகூட இருக்காது என்கிறார் அவர். மேனுவல் கியர்பெட்டியிலேயே கிளட்சும் கியர் மாற்றமும் தானாக நடக்கும் ஏ.எம்.டி. வண்டிகளில் பி நிலை கிடையாது, அவற்றையும் சரிவில் கியரில்தான் நிறுத்துகிறோம் என்பதால் அவற்றுக்கு ரிமோட் ஸ்டார்ட் பொருத்தவே மறுக்கிறார். அவரைப்போன்ற ஒருவரிடம் போகிறவர்கள் இரண்டு சாவிகளையும், பெட்டியோடு வந்த கையேட்டையும், வீட்டில் வண்டி நிற்கும் இடத்தின் ஒரு புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பும்படி ஏற்பாடு செய்துகொண்டும் போங்கள்.